கையளவு அடுப்பில் கேக்: ட்ரெக் போகிறவர்களுக்கு

நான் மலையில் செய்த முதல் கேக்கை ஒரு நாய்கூடச் சாப்பிடவில்லை. கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே. உத்தராகண்டில் ஹர் கி தூன் போகும் பாதையில் ஓஸ்லா கிராமத்தைத் தாண்டிக் கூடாரம் போட்டிருந்தோம். சாங்க்ரியிலிருந்தே போட்டியா என்கிற மலை இனத்து கறுப்பு நாய் ஒன்று கூட வந்துகொண்டிருந்தது. மேகி, காய்ந்த சப்பாத்தி, பிஸ்கட் கவரின் உள்பக்கம் என எதையும் விடாத ஜீவன். அது என் கேக்கை முகர்ந்தது, என் முகத்தை ஒரு தரம் பார்த்தது, பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டது. அடியில் கரி, நடுவில் போஸ்டர் ஒட்டுகிற பசை, மேலே குளம். அதைச் சுரண்டி எடுக்க அன்றைக்கு ராத்திரி ஐஸ் மாதிரி தண்ணீரில் கை விறைக்க அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என்ன தப்பு செய்தேன் என்று பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. மெல்லிய பாத்திரத்தில் மாவை ஊற்றி, மூடி, நேராகத் தீயின் மேல் வைத்துவிட்டேன். ஐந்து ரூபாய் நாணயம் அளவு பர்னரில் ஒரே இடத்தில் குத்துகிற தீ, அதற்கு மேல் தாள் கனத்தில் அலுமினியம், அதற்கு மேல் மாவு. கருகாமல் என்ன செய்யும்? இத்தனைக்கும் நான் ஓவன் இல்லாத வீட்டில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் பிறந்தநாள் கேக் எல்லாம் குக்கரில்தான். அம்மா பழைய குக்கரில் ஆற்று மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, மணலின் மேல் கிண்ணத்தை வைத்து சிம்மில் வேக விடுவார். மணல் எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஊருக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அம்மா, "ஏன்டா, கீழே ஒண்ணுமே போடாமலா வெச்ச?" என்றார்.

விஷயம் மொத்தமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சின்ன அடுப்பில் பேக் செய்வதென்றால் தீக்கும் மாவுக்கும் நடுவே எதையாவது வைப்பது, அவ்வளவுதான். தண்ணீர் வைக்கலாம், கல் வைக்கலாம், வெறும் காற்று இடைவெளிகூட விடலாம். எதுவும் வைக்காமல் செய்கிற ஒரு முறையும் உண்டு, ஆனால் அதில் கை ஓயாமல் வேலை செய்ய வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தண்ணீரில் தொடங்குங்கள். இட்லி அவிக்கத் தெரிந்த யாருக்கும் இது பாதி தெரிந்த வித்தைதான்.

அடுப்பும் பாத்திரமும்

கேஸ் கேனின் தலையில் திருகி மாட்டுகிற சின்ன ஸ்டவ் போதும். புதிதாக வாங்குவதாக இருந்தால் எவ்வளவு சீக்கிரம் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது என்று கடைக்காரர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நமக்கு வேண்டியது எதிர்க்குணம்: எவ்வளவு குறைத்தால் அணையாமல் எரியும்? கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லி, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். நீலத் தீ மொட்டு மொட்டாக, பர்னரை ஒட்டி நின்றால் நல்ல அடுப்பு. குறைக்கக் குறைக்கச் சீறிவிட்டுப் பொக்கென்று அணைந்துபோனால் அது வெந்நீர் வைக்க மட்டும்தான் லாயக்கு. பர்னர் தலை அகலமாக இருந்தால் சூடு பரவலாக விழும், அதுவும் நல்லது. பாத்திரமும் அடுப்பும் ஒன்றாகக் கோத்து வருகிற, ஜெட் வேகத்தில் தண்ணீர் கொதிக்கிற ரகம் இந்த வேலைக்கு ஆகாது. அதன் அடியில் இருக்கும் துடுப்புகள் தண்ணீருக்காகச் செய்தவை, தண்ணீர் இல்லாமல் சூடேற்றினால் பாத்திரமே வீணாகும். ஸ்பிரிட் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஸ்வீடன்காரர்களின் டிராங்கியா மாதிரி, தீயைக் குறைக்கும் வளையத்தோடு வரும் அடுப்பு என்றால் தாராளமாகச் செய்யலாம், காற்றுத் தடுப்பும் அதிலேயே சேர்ந்து வந்துவிடுகிறது.

பாத்திரம் ஒன்றரை லிட்டர் அளவில், மூடி சரியாகப் பொருந்துகிறதாக இருக்கட்டும். அலுமினியம்தான் என் முதல் தேர்வு, சூட்டைப் பரப்பும். டைட்டானியம் எடை குறைவு என்று எல்லோரும் ஆசைப்படுகிறோம், நானும் ஒன்று வாங்கினேன், ஆனால் தீ படுகிற இடம் மட்டும் பழுத்துப் பக்கத்தில் சில்லென்று இருக்கும். ஆவி முறைக்கு அது பரவாயில்லை, மற்றதற்கு வேண்டவே வேண்டாம். ஒட்டாத பூச்சு போட்ட பாத்திரமும் ஆவி முறைக்குச் சரி. தண்ணீர் இல்லாமல் வெறும் சூட்டில் வைக்கும் முறைக்கு அதைத் தொடாதீர்கள், 260 டிகிரிக்கு மேலே போனால் அந்தப் பூச்சு சிதைந்து நச்சுப் புகை விட ஆரம்பிக்கும், காலியான பாத்திரம் கேஸ் தீயில் அந்தச் சூட்டைத் தொட ரொம்ப நேரம் ஆகாது.

உள்ளே வைக்க ஒரு கிண்ணம். அரை லிட்டர் பிடிக்கிற, வெளிப் பாத்திரத்துக்குள் சுற்றிலும் ஒரு விரல் இடம் விட்டு உட்காருகிற எவர்சில்வர் கிண்ணம் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். எடையே பெரிய கவலை என்றால் சிலிக்கான் மஃபின் கப் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள், மடித்து சாக்ஸுக்குள் செருகிவிடலாம்.

வீட்டில் கட்டும் பொட்டலம்

மலையில் அளந்துகொண்டிருக்க முடியாது. காற்றில் மைதா பறக்கும், ஸ்பூன் தொலையும், விரல் மரத்துப்போயிருக்கும். அதனால் கலவையை வீட்டிலேயே ஜிப் போட்ட கெட்டியான கவரில் கட்டிவிடுங்கள். இரண்டு பேருக்கு நான் கட்டும் கணக்கு இது:

மைதா 100 கிராம்
பொடித்த சர்க்கரை 40 கிராம்
பால் பவுடர் 20 கிராம்
பேக்கிங் பவுடர் தலை தட்டி ஒரு டீஸ்பூன்
உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் இரண்டு, தட்டிப் போட்டது

பாதி மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போடலாம், கொஞ்சம் கனமாக வரும், வயிறு நிற்கும். நாட்டுச் சர்க்கரை போட்டால் வாசம் அருமை, ஆனால் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும், மூன்று நாளுக்குள் செய்துவிடுவதாக இருந்தால் மட்டும் போடுங்கள். முட்டை வேண்டாம், தூக்கிக்கொண்டு போகிற பாடு தாங்காது. பேக்கிங் பவுடருக்குப் பதில் ஆப்பசோடா போடலாமா என்று கேட்பார்கள். சோடா தனியாகச் சரியாக வேலை செய்யாது, அதற்குப் புளிப்பு வேண்டும். மலையில் தயிருக்கு எங்கே போவது? பேக்கிங் பவுடரில் சோடாவும் புளிப்பும் சேர்ந்தே இருப்பதால்தான் வெறும் தண்ணீர் பட்டாலே பொங்குகிறது. அதனாலேயே கவர் நனையக் கூடாது, நனைந்தால் நடந்துகொண்டிருக்கும்போதே பையில் பொங்கி முடித்துவிடும். இரட்டைக் கவர் போடுங்கள். கவரின் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள்: "எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 90 மி.லி." நாலு நாள் நடந்த பிறகு மூளை வேலை செய்யாது, அப்போது அந்த எழுத்துதான் காப்பாற்றும்.

இதை ஒரு தடவையாவது வீட்டு மொட்டை மாடியில், அதே அடுப்பில், அதே பாத்திரத்தில் செய்து பார்த்துவிட்டுப் போங்கள். சமையலறையில் இருக்கும் தராசில் கேனைச் செய்வதற்கு முன்னும் பின்னும் எடை போட்டால் எவ்வளவு கேஸ் செலவாகிறது என்பதும் தெரிந்துவிடும். என் அடுப்பில் அரைமணி நேரம் சிம்மில் எரிந்தால் ஏறக்குறைய 20 கிராம் போகிறது. 230 கிராம் கேனில் இது சின்னத் தொகை இல்லை, ஆனால் ஒரு வார நடையில் இரண்டு தடவை செய்யத் தாங்கும்.

ஆவியில் வேகும் கேக்

இடம் பார்ப்பதில் தொடங்குங்கள். சமதளமாக, காற்று அடிக்காத பக்கமாக, பாறை மறைவில். அரைமணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதால் கேனுக்கு அடியில் கால் வைத்த தாங்கி இருந்தால் மாட்டுங்கள். டென்டுக்குள் மட்டும் வேண்டாம், குளிராக இருக்கிறதே என்று வாசல் ஜிப்பைப் பாதி மூடிக்கொண்டும் வேண்டாம். அடுப்பு விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் இல்லை, நிறம் இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அதோடு சரி.

பாத்திரத்தின் அடியில் சிறு கற்கள் மூன்று நான்கை அடுப்புக் கல் மாதிரி வைத்து, கிண்ணம் ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். வீட்டுக் குக்கரில் அடியில் போடும் ஓட்டைத் தட்டு பொருந்தினால் அதையே கொண்டு போகலாம், எடை ஒன்றும் பெரிதில்லை. இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மூடி, முதலில் தீயைக் கூட்டிக் கொதிக்க விடுங்கள். கொதிக்கும் வரை மாவைக் கலக்காதீர்கள். இந்த வரிசை முக்கியம். மாவில் தண்ணீர் பட்ட நிமிஷத்திலிருந்து பேக்கிங் பவுடரின் முதல் பொங்கல் தொடங்கிவிடும், நீங்கள் லைட்டர் தேடிக்கொண்டிருந்தால் அது பாட்டுக்குப் பொங்கி அடங்கிவிடும்.

தண்ணீர் கொதித்ததும் கவரைத் திறந்து எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி, காற்றை வெளியே தள்ளி மூடி, வெளியிலிருந்தே பிசையுங்கள். இருபது முப்பது பிசை போதும். அங்கங்கே சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும், வழவழவென்று வர வேண்டும் என்று பிசைந்துகொண்டே போனால் மைதாவின் பசைத்தன்மை முறுகி கேக் ரப்பராகும். பதம் எப்படி என்றால், கெட்டியான இட்லி மாவு கரண்டியிலிருந்து தொப்பென்று விழுமே, அது. தோசை மாவு பதத்துக்குப் போய்விட்டால் ஒரு பிடி ஓட்ஸோ, நொறுக்கிய பிஸ்கட்டோ போட்டு இறுக்குங்கள். கையில் பாத்திரம் கழுவும் வேலையே வராமல் இருக்க, கவரின் ஒரு மூலையைக் கத்தரித்து அதன் வழியாகவே எண்ணெய் தடவிய கிண்ணத்தில் பிழிந்துவிடலாம், முறுக்குப் பிழிகிற மாதிரி. கிண்ணத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். பொங்க இடம் வேண்டும்.

அடுத்தது எல்லோரும் கோட்டை விடுகிற இடம். மூடியில் படிகிற ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாகக் கேக்கின் மேல் விழும். மலைக் குளிரில் மூடி சில்லென்று இருப்பதால் வீட்டைவிட அதிகமாகவே சொட்டும். என் முதல் கேக்கின் குளம் அப்படி வந்ததுதான். இதற்கு இரண்டு வழி. கிண்ணத்தின் வாயை அலுமினியம் ஃபாயிலால் தளர்வாக மூடலாம், நடுவில் கூடாரம் மாதிரி கொஞ்சம் தூக்கிவிட்டு. அல்லது மூடியை ஒரு பருத்தித் துணியில் சுற்றி, நாலு முனையையும் மேலே முடிச்சுப் போட்டு மூடலாம், இட்லித் துணி வேலைதான். துணி முனை தொங்கித் தீயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஃபாயில் கட்சி.

கிண்ணத்தை இறக்கியதும் தீயைக் குறையுங்கள். எவ்வளவு என்று கேட்டால், மூடி ஓரத்தில் ஆவி மெலிதாக நூல் மாதிரி வந்துகொண்டே இருக்க வேண்டும், மூடி எகிறக் கூடாது. கொதி கூடினால் கேக் சீக்கிரம் வேகாது. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் அதே சூடுதான், கேஸ்தான் தீரும். தண்ணீர் வற்றிவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கவும் கூடாது, ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்த சூடு எல்லாம் போய்விடும். என் பாட்டி இட்லிப் பானையில் ஒரு காசு போட்டு வைப்பார். தண்ணீர் இருக்கும் வரை கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும், சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். பழைய ஒரு ரூபாய் ஒன்றை இதற்கென்றே என் அடுப்புப் பையில் வைத்திருக்கிறேன். ராத்திரி இருட்டில், ஸ்லீப்பிங் பேக்கை இடுப்பு வரை இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி அந்தக் கடகடப்பைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை.

அரை லிட்டர் கிண்ணம் என்றால் 25 முதல் 30 நிமிஷம். சிலிக்கான் கப்புகளில் பிரித்து ஊற்றினால் 15 நிமிஷத்துக்குள். கிண்ணம் என்றால் 20 நிமிஷம் வரை திறக்கவே வேண்டாம். அதற்கு அப்புறம் ஒரு சுத்தமான குச்சியோ, ஸ்பூன் காம்போ நடுவில் விட்டு எடுத்துப் பாருங்கள், ஈர மாவு ஒட்டாமல் வந்தால் ஆயிற்று. ஃபாயிலைத் திறக்கும்போது மேற்புறம் வெளுப்பாக, ஈரம் மினுமினுக்க, விரலால் அழுத்தினால் மெல்ல மேலே வருகிற மாதிரி இருக்கும். பொன்னிறமாக இல்லையே என்று ஏமாறாதீர்கள், ஆவிச் சூட்டில் நிறம் வராது. பொன்னிறத்துக்கு 140 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆவி 100-ஐத் தாண்டாது. நிறமும் முறுகலும் வேண்டுமென்றால் ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, விரல் கனத்தில் துண்டு போட்டு, தண்ணீரைக் கொட்டிய அதே பாத்திரத்தில் கொஞ்சம் நெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டி எடுங்கள். அந்த நெய் வாசத்துக்குப் பக்கத்து டென்ட்காரர்கள் எழுந்து வந்தால் நான் பொறுப்பில்லை.

உயரம் போகப் போக

சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறைந்துகொண்டே போகும். ஊட்டி உயரத்தில் 92, 93. ஹர் கி தூன் மாதிரி 3,500 மீட்டர் இடத்தில் 88-ஐ ஒட்டி. பருப்பு வேகாமல் நம்மைப் பாடாய்ப் படுத்துவது இதனால்தான். கேக் அவ்வளவு மோசமில்லை, மைதாவின் மாவுச்சத்து 60, 65 டிகிரியிலேயே இறுக ஆரம்பித்துவிடும், அதனால் 88-லும் வெந்துவிடும், நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். பத்து நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் உண்டாகிற குமிழ்கள் அதிகமாக உப்பும். ஆஹா நன்றாகப் பொங்குகிறதே என்று மகிழும்போதே உள்ளே சுவர் தாங்காமல் நடுவில் குழி விழுந்துவிடும். 3,000 மீட்டருக்கு மேல் செய்யப்போகும் பொட்டலத்தில் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைத்து, தண்ணீரை ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள், அங்கே காற்று வறட்சி.

குளிரில் கேஸும் மக்கர் பண்ணும். நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கிற கேன்கள் பலவற்றில் இருப்பது வெறும் பியூட்டேன். அது பூஜ்யம் டிகிரியை ஒட்டியே திரவமாக உறங்கிவிடும். தீ சின்னதாகிக்கொண்டே போய், சிம்மில் வைக்கப்போகிற நேரத்தில் அணையும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கேன் கிடைத்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் ராத்திரி கேனை ஸ்லீப்பிங் பேக்குக்குள் காலடியில் போட்டுக்கொண்டு தூங்குங்கள், காலையில் ஒழுங்காக எரியும்.

சட்டி ரொட்டி

கேக் வேண்டாம், காலையில் சாப்பாடாக ஏதாவது என்றால் பேனக். ஸ்காட்லாந்தில் பிறந்து, மயிர்த்தோல் (ஃபர்) வியாபாரிகளோடு கனடா போய், அங்கே பூர்வகுடி மக்களின் வீட்டு ரொட்டியாகவே மாறிவிட்ட ஒன்று. நம் கண்ணுக்குக் கனமான அடை மாதிரிதான் தெரியும். மைதா 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பால் பவுடர் ஒரு ஸ்பூன், நெய் ஒரு டேபிள்ஸ்பூன். நெய்யை வீட்டிலேயே மாவில் பிசிறிவிடலாம். தண்ணீர் 60 மி.லி. விட்டு, சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, பிசையாமல் சேர்த்து மட்டும் எடுத்து, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் எண்ணெய் தடவிய சின்ன வாணலியில் தட்டிப் போடுங்கள்.

இங்கே நடுவில் வைக்க எதுவும் இல்லை, அதனால் கைதான் நடுவில் நிற்க வேண்டும். தீயை அணையப்போகிற அளவுக்குக் குறைத்து, வாணலியின் நடுவைத் தீக்கு மேல் வைக்காமல் ஓரத்தை வையுங்கள். நிமிஷத்துக்கு ஒரு தடவை கால் சுற்றுச் சுற்றுங்கள். மூடி போட்டு ஏழெட்டு நிமிஷம், திருப்பிப் போட்டு இன்னொரு ஏழெட்டு நிமிஷம். தட்டினால் டொக்கென்று உள்ளே கூடாகச் சத்தம் வர வேண்டும். மெத்தென்று கேட்டால் உள்ளே மாவு. முதல் தடவை அவசரப்பட்டுத் தீயைக் கூட்டாதவர் யாருமில்லை, கூட்டினால் வெளியே கறுத்து உள்ளே வேகாது. வெறும் ரொட்டிக்குப் பதில் பச்சை மிளகாய், சீரகம், கொஞ்சம் உலர்ந்த வெங்காயம் போட்டுத் தட்டினால் தொட்டுக்கொள்ள ஒன்றுமே வேண்டாம், ஊறுகாய் பாக்கெட் போதும்.

ஈஸ்ட் ரொட்டிகூடச் செய்யலாம். மைதா 200 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், உப்பு, சர்க்கரை, தண்ணீர் 120 மி.லி. பிசைந்து, எண்ணெய் தடவிய கவரில் தளர்வாகக் கட்டி, முகாமுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது ஜாக்கெட்டுக்குள் வயிற்றுப் பக்கமாகப் போட்டுக்கொண்டு நடங்கள். உடம்புச் சூட்டில் புளித்து, போய்ச் சேரும்போது உப்பியிருக்கும். ஜாக்கெட்டுக்குள் யாரோ குழந்தை தூங்குகிற மாதிரி ஒரு கனம், நண்பர்கள் கேலி செய்வார்கள், ரொட்டி வந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். சப்பையான பன்களாக உருட்டி இதே வாணலி முறையில் சுட்டு எடுக்கலாம்.

கல் போட்டுச் சுடுவது

அம்மாவின் மணல் முறைதான். பாத்திரத்தின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கூழாங்கல் பரப்பி, மேலே கிண்ணம், தண்ணீர் கிடையாது, மூடி, மிகக் குறைந்த தீ. நிறமும் வரும், மேல் பக்கம் காய்ந்தும் இருக்கும், பிஸ்கட் கூடச் செய்யலாம். ஆனால் ஆற்றுக்குள்ளிருந்து ஈரத்தோடு கல் எடுக்காதீர்கள். உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி கல் பட்டென்று வெடிக்கும். மேட்டில் காய்ந்து கிடக்கிற கல்லாக எடுங்கள். பாத்திரமும் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும், தாள் மாதிரி இருப்பது வளைந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை, ஏனென்றால் தண்ணீர் தானாகவே 100 டிகிரியில் நிறுத்திக்கொள்ளும், கல் நிறுத்தாது. வாசம்தான் வழிகாட்டி: இனிப்பு வாசம் மூடியைத் தாண்டி வந்தால் முக்கால்வாசி ஆயிற்று, அதில் லேசான கசப்பு கலந்தால் உடனே இறக்குங்கள்.

கடையில் இதற்கென்றே விற்கிற சாமான்களும் உண்டு. ஸ்வீடன் நாட்டு ஓம்னியா வளைய வடிவில், நடுவில் ஓட்டையோடு இருக்கும், அந்த ஓட்டை வழியாகச் சூடு மேலே போய் மூடியில் பட்டுத் திரும்பும். ரொம்ப நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அதன் எடை வேனில் சுற்றுகிறவர்களுக்குச் சரி, முதுகில் சுமக்கிறவர்களுக்கு இல்லை. அமெரிக்காவில் அவுட்பேக் ஓவன் என்று ஒன்று வந்தது: தீயைப் பரப்ப ஒரு தகடு, பாத்திரத்தின் மேல் கவிழ்க்க ஒரு துணிக் குல்லாய், சூடு பார்க்க ஒரு முள். காசு போட்டு வாங்கும் முன் மேலே சொன்ன கிண்ண முறையில் நாலு தடவை செய்து பாருங்கள், பெரும்பாலும் ஆசை அடங்கிவிடும்.

தீ விஷயத்தில் விளையாட்டு இல்லை

வெந்நீர் வைப்பது மூன்று நிமிஷம். இது அரைமணி. அடுப்பு கேனின் தலையிலேயே இருக்கும்போது அவ்வளவு நேரம் சூடு கீழே திரும்பி வந்து கேனைச் சுட வைக்கும், அதிலும் காற்றுக்காகச் சுற்றிலும் தகடு கட்டிவிட்டால் அது கேனுக்கே ஓவன் கட்டியது மாதிரி. வெடித்துவிடும். தகடு காற்று வரும் ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஒரு சாண் தள்ளி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேனைத் தொட்டுப் பாருங்கள். குளிராகவோ வெதுவெதுப்பாகவோ இருக்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிட்டு ஆறட்டும், கேக் போனால் போகிறது. அடிக்கடி செய்யப்போகிறவர்கள் குழாய் வைத்து கேன் தள்ளி நிற்கிற அடுப்பு வாங்குவது நல்லது. சிம்மில் எரிகிற தீ காற்றில் சத்தமில்லாமல் அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும் என்பதால் பக்கத்தை விட்டு எழுந்து போகாதீர்கள்.

கேனை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டு போக முடியாது. ரயிலிலும் சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்களே, அது உள்ளே மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டரால்தான். டேராடூன், மணாலி, லே எல்லா இடத்திலும் கேன் கிடைக்கிறது, அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பைச் சுத்தம் செய்து தனியாக எடுத்துப் போகலாம், கிளம்பும் முன் உங்கள் விமான நிறுவனத்தின் விதியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, நடைபயணம் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த மலைப்புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைப் பார்த்தவர்கள் அந்தப் பக்கம் லைட்டரைக்கூட வெளியே எடுக்க மாட்டார்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம், கேஸ் அடுப்புக்கும் அனுமதி இல்லையென்றால் இல்லைதான். அங்கே போகிறபோது வீட்டிலேயே கேக் செய்து எடுத்துப் போங்கள். அடுப்பு வித்தையை ஊர்ப்பக்கத்து முகாம்களில், தோட்டங்களில், அனுமதி உள்ள இடங்களில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கழுவுகிற வேலை. எவர்சில்வர் கிண்ணத்தில் ஒட்டியிருப்பதை ஆறும் முன் மீதமிருக்கும் ஆவித் தண்ணீரிலேயே ஊறப் போட்டுவிடுங்கள், பத்து நிமிஷத்தில் விரலால் தள்ளினாலே வரும், சோப்பும் வேண்டாம், ஓடைக்குள் பாத்திரத்தை முக்கவும் வேண்டாம். அந்தத் தண்ணீரை ஓடையிலிருந்து அறுபது எழுபது மீட்டர் தாண்டி மண்ணில் கொட்டுங்கள். கத்தரித்த கவர், ஃபாயில், காலி கேன் எல்லாம் திரும்பப் பையில். தீர்ந்துவிட்டது என்று தோன்றினாலும் கேனில் ஓட்டை போடாதீர்கள். துணுக்குகளைத் தரையில் விட்டால் ராத்திரி எலி வந்து டென்டைக் கடிக்கும். என் இரண்டாவது பயணத்தில் அந்தப் பிரச்சினை வரவில்லை. அதே சாங்க்ரி, வேறொரு நாய், இந்தத் தடவை நெய்யில் வாட்டிய துண்டு. ஃபாயிலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது, அதைத் துரத்திப் பிடுங்கத்தான் கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது.